அடக்கிறதும் ஆறுறதும்: வாசகர் கேள்வி, அக்காவின் பதில்

இந்த மாசம் வந்த கடிதங்களை மேசையில பரப்பி வச்சுப் பார்த்தா முக்கால்வாசிப் பேர் ஒரே விசயத்தைத்தான் வேற வேற மாதிரிக் கேட்டிருக்கிறீங்க, கோவத்தைக் கொன்ட்ரோல் பண்ணுறது எப்பிடி, அழுகையை நிப்பாட்டுறது எப்பிடி, பயத்தை விரட்டுறது எப்பிடி எண்டு. அதால இந்த முறை மற்றக் கேள்விகளைத் தள்ளி வச்சிட்டு இதையே எடுக்கிறன். ஆக்கள் பிடிபடாத மாதிரிச் சின்னச் சின்ன விவரங்களை மாத்தித்தான் போட்டிருக்கிறன், சரியோ.

கேள்வி: அன்பின் அக்கா, எனக்கு 41 வயசு, திருகோணமலை டவுனில ஒரு கந்தோரில முன் கவுன்டரில வேலை. காலமை எட்டரைக்கு இருந்தா பின்னேரம் வரைக்கும் சனத்தோட கதைக்கிறதுதான் வேலை, ஏசுற ஆக்களுக்கும் சிரிச்ச முகத்தோடதான் பதில் சொல்லோணும், மேலதிகாரி ஒருத்தர் எல்லாருக்கும் முன்னால வச்சு மரியாதை இல்லாமப் பேசுவார் அதுக்கும் ஒண்டும் சொல்லுறேல்ல. வீட்டுக்கு வந்தா சின்னவன் கோப்பையைத் தட்டி விழுத்தினதுக்கே கத்திக் குழறிடுறன், பிறகு ராவில இருந்து அழுறன். மனுசன் கட்டாரில. போன வருசம் அம்மா செத்தநேரம் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்ல, வந்த சனத்துக்குத் தேத்தண்ணி குடுக்கிறதில இருந்து எல்லாம் நான்தான், கல்லு மாதிரி நிண்டாள் எண்டு எல்லாரும் மெச்சினவை. இப்ப நெஞ்சு படபடக்குது, ஈசிஜி எடுத்துப் பார்த்தா ஒண்டும் இல்ல எண்டுறாங்க. எதிலயும் ஒரு சந்தோசம் வாறேல்ல, மகள் பள்ளிக்கூடத்தில நடந்ததைச் சொன்னாக்கூட மனசில நிக்குதில்ல. இது ஏதும் வருத்தமோ, இல்லாட்டி இன்னும் நல்லாக் கட்டுப்படுத்தப் பழகோணுமோ?
உவர்மலையிலிருந்து ஒரு சகோதரி

பதில்: தங்கச்சி, முதலில ஒண்டு. ஈசிஜி நல்லா இருக்கெண்டது நல்ல செய்திதான், ஆனா தைரொயிட்டையும் இரத்தம் குறைஞ்சிருக்கோ எண்டதையும் ஒருக்காப் பார்த்திடுங்க, படபடப்புக்கு அதுகளும் காரணமா இருக்கலாம், எல்லாத்தையும் மனசில தூக்கிப் போடக்கூடாது.

இப்ப உங்கட கேள்வி. இன்னும் நல்லாக் கட்டுப்படுத்தப் பழகோணுமோ எண்டு கேட்டிருக்கிறீங்க பாருங்க, அந்த இடத்தில எனக்கு மனசு கஷ்டமாப் போச்சு, ஏனெண்டா நீங்க கட்டுப்படுத்தாம இல்ல, வேற ஒண்டுமே பழகாம அதை மட்டுமே பழகி வச்சிருக்கிறீங்க. 1993ல அமெரிக்காவில ஜேம்ஸ் குரோஸ், ரொபேர்ட் லெவன்சன் எண்ட ரெண்டு உளவியலாளர்கள் 85 மாணவர்களைக் கூப்பிட்டு அருவருப்பான ஒரு சின்னப் படத்தைக் காட்டினவை, அதில ஒரு பகுதி ஆக்களுக்கு மட்டும் நீங்க என்ன உணர்ந்தாலும் முகத்தில காட்டக்கூடாது எண்டு சொல்லிப்போட்டு உடம்பில வயர் பூட்டிப் பார்த்தா, முகம் அமைதி, உள்ளுக்க உடம்பின்ர பரபரப்பு கூடியிருந்தது. பிறகு 1997ல 180 பெண்களை வச்சு, துக்கமான படம் ஒண்டும் சிரிப்புப் படம் ஒண்டும் போட்டுப் பார்த்தவை. முகத்தை மறைச்ச ஆக்களுக்குத் துக்கம் கொஞ்சமும் குறையேல்ல. ஆனா சிரிப்புப் படத்தில வந்த சந்தோசம் குறைஞ்சு போச்சு. இதை முதன்முதல் வாசிச்சநேரம் நான் தாளைக் கீழ வச்சிட்டுக் கனநேரம் சும்மா இருந்தனான். நீங்க எதிலயும் சந்தோசம் வாறேல்ல எண்டு எழுதியிருக்கிறீங்க, அது இதுதான் தங்கச்சி, பூட்டைப் போட்டா கோவத்துக்கு மட்டும் பூட்டுப் போடேலாது. மகள் சொல்லுறது மனசில நிக்காததுக்கும் இதில ஒரு பங்கு இருக்கலாம், முகத்தை அடக்கிக்கொண்டு இருக்கிற நேரத்தில கேட்டதும் பார்த்ததும் பிறகு ஞாபகத்தில குறைவாத்தான் நிக்குது எண்டு 2000ஆம் ஆண்டில ஜேன் ரிச்சர்ட்ஸும் குரோஸும் காட்டியிருக்கினம். அடக்கிறதும் ஒரு வேலைதானே, மூளை அந்த வேலையில நிக்கேக்க மற்றதுக்கு எங்க இடம்.

இது வெள்ளைக்காரரை வச்சுச் செய்தது, எங்கட சனத்துக்குப் பொருந்துமோ எண்டு நீங்க கேக்கலாம், நியாயமான கேள்வி. 2007ல எமிலி பட்லர் எண்டவ அதைத்தான் பார்த்தா, ஆசியப் பண்பாட்டு மதிப்பீடுகளோட வளர்ந்த பெண்களுக்கு அடக்கிறதால வாற பாதிப்பு குறைவாத்தான் இருந்தது. எங்களுக்கு மரியாதைக்காக, மற்றவை மனசு நோகக்கூடாது எண்டதுக்காக அடக்கிறது பழக்கம், அதில ஒரு அர்த்தமும் இருக்கு. அதால அடக்கிறது எல்லாம் பிழை எண்டு நான் ஒருநாளும் சொல்லமாட்டன். அம்மாவின்ர செத்தவீட்டில நீங்க நிண்ட மாதிரி ஆராவது ஒருத்தர் நிக்கத்தான் வேணும். ஆனா அடக்கின பிறகு ஆறவிடோணும். தமிழில இந்த ஒரு சொல்லை நான் எப்பவும் யோசிக்கிறனான், தேத்தண்ணி ஆறும், புண் ஆறும், கோவமும் ஆறும், மனசுக்கு இதமா ஒரு வார்த்தை சொன்னா அதுக்குப் பேரே ஆறுதல். மூடி வச்ச தேத்தண்ணி ஆறாது. நீங்க ஒரு வருசமா மூடி மட்டும்தான் வச்சிருக்கிறீங்க.

கவுன்டருக்கு வாறன். சம்பளத்துக்காகச் சிரிக்கிற வேலையைப் பற்றி 1983லயே ஆர்லி ஹொக்ஷைல்ட் எண்ட சமூகவியலாளர் எழுதினவ, விமானப் பணிப்பெண்களைப் பார்த்து. மேலுக்கு மட்டும் சிரிக்கிறது ஒண்டு, உள்ளுக்கையே நினைப்பை மாத்தி அந்த உணர்வை வரப்பண்ணுறது மற்றது எண்டு பிரிச்சுச் சொன்னவ, பிறகு வந்த ஆய்வுகளில மேலுக்குச் சிரிக்கிறதுதான் ஆளைக் கூடக் களைக்கப் பண்ணுது எண்டு திரும்பத் திரும்பத் தெரிஞ்சது. உள்ளுக்க மாத்திறது எண்டா என்ன? தம்பலகாமத்தில இருந்து ஒரு ஐயா வயல் வேலையை விட்டிட்டு பஸ் பிடிச்சு வந்து மூண்டாம் முறையும் ஃபைல் இல்லையெண்டு கேட்டா கத்துவார்தான், அந்தக் கத்தல் அந்த ஃபைலுக்கு, உங்கட முகம் அந்த நேரம் முன்னால இருக்கு அவ்வளவுதான். இப்பிடிப் பார்க்கப் பழகினா கோவம் வந்தபிறகு அடக்கிறதை விட வாற கோவமே குறையும், பால் பொங்க முதல் அடுப்பைக் குறைக்கிற மாதிரி. குரோஸ் செய்த பிந்தின ஆய்வுகளில இப்பிடி நினைப்பை மாத்திப் பார்க்கிற ஆக்களுக்கு சந்தோசமும் கூட, உறவுகளும் நல்லா இருந்தது.

ஆனா அந்த மேலதிகாரி விசயத்தில இதைச் செய்யாதீங்க. அவருக்கும் என்ன பிரச்சினையோ எண்டு நினைச்சு நினைச்சு உங்களை நீங்களே சமாதானப்படுத்தக்கூடாது. 2013ல அலிசன் ட்ரோய் எண்டவவும் கூட்டாளிகளும் பார்த்ததில, எங்களால மாத்த ஏலாத கஷ்டத்துக்குத்தான் நினைப்பை மாத்திறது உதவி, மாத்தக்கூடிய விசயத்தில அதைச் செய்தா மனச்சோர்வு கூடத்தான் இருந்தது. எல்லாருக்கும் முன்னால மரியாதை இல்லாமப் பேசுறது மாத்தக்கூடிய விசயம். திகதி போட்டு எழுதி வைங்க, கூட வேலை செய்யிற ஒராளிட்டச் சொல்லி வைங்க, பிறகு எழுத்தில குடுங்க. உங்கட கோவம் அந்த இடத்தில சரியான கோவம்.

வேலை முடிஞ்சு நேர வீட்டுக்குப் போகாதீங்க. கடற்கரையில பத்து நிமிசம் இருங்க, ஃபோனைப் பையுக்க வச்சிட்டு, இண்டைக்கு என்ன உணர்ந்தனான் எண்டு பேர் சொல்லிப் பாருங்க. டென்சன் எண்டு ஒரு சொல்லோட விடாதீங்க, எங்கட ஆக்கள் இப்ப எல்லாத்துக்கும் டென்சன் எண்டுதான் சொல்லுறது. எங்களிட்ட எரிச்சல் இருக்கு, ஆத்திரம் இருக்கு, அந்தரம் இருக்கு, வெப்பிசாரம் இருக்கு, ஏக்கம், சலிப்பு, விரக்தி, அவமானம், எவ்வளவு சொல்லு. அந்தரமும் ஆத்திரமும் ஒண்டோ? 2007ல மத்தியூ லீபர்மன் எண்டவர் மூளையை ஸ்கேன் பண்ணிப் பார்த்ததில, உணர்வுக்குச் சரியான பேரை வைக்கேக்க ஆபத்து ஆபத்து எண்டு மணியடிக்கிற அமிக்டலா எண்ட பகுதி அடங்கிச்சு, யோசிக்கிற முன்பக்க மூளை வேலை செய்யத் தொடங்கிச்சு.

அம்மாவுக்கு நீங்க இன்னும் அழேல்ல தங்கச்சி. முந்தி எங்கட செத்தவீடுகளில ஒப்பாரி வைக்க ஆக்கள் இருந்தவை, எட்டாம் நாளுக்கும் முப்பத்தோராம் நாளுக்கும் சனம் கூடி அம்மாவைப் பற்றியே கதைக்கும், அழுறதுக்கு ஒரு இடமும் நேரமும் ஊர் ஒதுக்கி வச்சது. நீங்க அந்த நேரம் முழுக்கக் குசினிக்குள்ள நிண்டிட்டீங்க. ஒரு கொப்பியை எடுத்து நாலு நாள், ஒரு நாளைக்குப் பதினைஞ்சு நிமிசம், அம்மாவைப் பற்றி மனசில வாறதை எழுதுங்க, எழுத்துப் பிழையையும் ஒழுங்கையும் பார்க்க வேண்டாம். 1986ல ஜேம்ஸ் பென்னபேக்கர் மாணவர்களை இப்பிடித்தான் எழுத வச்சவர், எழுதின உடன அவைக்கு மனசு இன்னும் பாரமாத்தான் இருந்தது, அதை முதலே சொல்லி வைக்கிறன், ஆனா அடுத்து வந்த மாசங்களில அவை டொக்டரிட்டப் போனது குறைஞ்சது. தாங்க ஏலாம இருந்தா நிப்பாட்டிடுங்க, எழுதியே ஆகோணும் எண்டு ஒண்டும் இல்ல. அம்மாவின்ர தங்கச்சி, சிநேகிதி ஆரும் இருந்தா அவையோட இருந்து கதைச்சாலும் சரி. உங்கட மனுசனுக்கும் இதெல்லாம் சொல்லுங்க, ராவில ஃபோனில எல்லாம் ஓகே எண்டு சொல்லுறீங்க போல.

சின்னவனிட்ட மன்னிப்புக் கேளுங்க. அம்மா களைச்சுப்போய்க் கத்திட்டன், நீ கெட்ட பிள்ளை இல்ல எண்டு சொன்னா காணும். பெரியாக்கள் கேட்டா மரியாதை குறைஞ்சுபோகும் எண்டு நினைக்காதீங்க.

கேள்வி: அக்கா வணக்கம், நான் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில வேலை செய்யிறன், 24 வயசு. எனக்குக் கோவம் வந்தா கண் தெரியாது, ரெண்டு ஃபோன் உடைச்சிட்டன். பெடியள் சொன்னாங்கள் உள்ளுக்க வச்சிருந்தாத்தான் வெடிக்கும், ஜிம்மில பேக்கில போட்டு அடிச்சு வெளிய விடு எண்டு. நானும் அந்தாளின்ர முகத்தை நினைச்சு நினைச்சு அடிக்கிறன், ஆனா அடிச்சு முடிய இன்னும் கூடக் கோவமா இருக்கு. நான் செய்யிறது பிழையோ?
சாம்பல்தீவிலிருந்து ஒரு தம்பி

பதில்: தம்பி, நீங்க உங்கட உடம்பிலயே கண்டுபிடிச்சிட்டீங்க. பெடியள் சொன்னது உலகம் முழுக்கச் சனம் நம்புற விசயம், கோவம் பிரஷர் குக்கர் மாதிரி, ஆவியை விட்டா அடங்கும் எண்டு. 2002ல பிராட் புஷ்மன் எண்டவர் 600 மாணவர்களை வச்சு இதைச் சோதிச்சவர், அவை எழுதின கட்டுரையைக் கண்டபடி குறை சொல்லிக் கோவப்படுத்திப்போட்டு, ஒரு கூட்டத்தை அந்தக் குறை சொன்ன ஆளை நினைச்சுப் பேக்கில அடிக்க விட்டார், இன்னொரு கூட்டத்தை உடற்பயிற்சி எண்டு நினைச்சு அடிக்க விட்டார், மற்றக் கூட்டத்தைச் சும்மா இருக்க விட்டார். அந்தாளை நினைச்சு அடிச்ச கூட்டத்துக்குத்தான் கோவம் கூட, சும்மா இருந்த கூட்டம்தான் பிறகு ஆக்களோட குறைவாச் சண்டைக்குப் போனது. ஒண்டும் செய்யாம இருந்தது அடிச்சதை விட நல்லது எண்டா பாருங்களன்.

2024ல அவரும் சோஃபி ஷேர்விக் எண்டவவும் சேர்ந்து 154 ஆய்வுகளை, அதில இருந்த 10,189 ஆக்களை, ஒண்டாச் சேர்த்துப் பார்த்தவை. உடம்பின்ர சூட்டைக் குறைக்கிறது எல்லாம் கோவத்தைக் குறைச்சது, மூச்சுப் பயிற்சி, தியானம், யோகா, உடம்பைத் தளர்த்திறது இப்பிடி. உடம்பின்ர சூட்டைக் கூட்டுறது பொதுவா உதவேல்ல, ஓடுறதுகூடக் கோவத்தைக் கூட்டத்தான் பார்த்தது. இதைக் கேட்டு ஜிம்மை விடாதீங்க, ஜிம் நெஞ்சுக்கும் நித்திரைக்கும் நல்லது, கோவம் இல்லாத நேரம் போங்க. கோவம் வந்த நேரம் இதயம் அடிச்சுக்கொண்டுதானே இருக்கு, அதை இன்னும் அடிக்க விட்டா மூளை கோவம் இன்னும் முடியேல்ல எண்டுதான் விளங்கிக்கொள்ளும்.

அந்த நேரம் என்ன செய்யிறது? ஃபோனை முதலில கையில இருந்து கீழ வைங்க, ரெண்டு ஃபோன் போட்டுது. மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி மெதுவா விடுங்க, அப்பிடிச் செய்தா நிமிசத்துக்கு ஆறு மூச்சு வரும். விடுற மூச்சு நீளமா இருக்கோணும், மூச்சு விடேக்கதான் வேகஸ் எண்ட நரம்பு இதயத்தை மெதுவாக்கும், அதால இது சும்மா ஆறுதலுக்குச் சொல்லுறது இல்ல. அஞ்சு நிமிசமாவது. நீங்க வேலை செய்யிற இடத்தில கடல் முன்னாலதானே இருக்கு, அலை வந்து போற வேகத்துக்கு விட்டுப் பாருங்க, நான் கன பெடியளுக்குச் சொல்லிக் குடுத்து அவைக்கு எண்ணுறதை விட இது லேசா வந்திருக்கு.

மற்றது, ராவில படுத்துக்கொண்டு நடந்ததைத் திரும்பத் திரும்ப ஓடவிடுறீங்களோ? நான் அப்பிடிச் சொல்லியிருக்கோணும், இப்பிடிக் கேட்டிருக்கோணும் எண்டு? அதுவும் மனசுக்குள்ள பேக்கில அடிக்கிறதுதான், கை மட்டும் அசையிறேல்ல. அந்த நேரம் உங்களை நீங்களே பேர் சொல்லிக் கூப்பிட்டு, இவனுக்கு ஏன் அந்தச் சொல் இவ்வளவு சுட்டது எண்டு வெளியில நிண்டு ஒராளைக் கேக்கிற மாதிரிக் கேளுங்க. ஈதன் குரோஸ் எண்ட இன்னொருத்தர் 2014ல இதைச் சோதிச்சவர், நான் நான் எண்டு யோசிக்கிறதை விடப் பேர் சொல்லி யோசிச்ச ஆக்கள் பதற்றத்தைக் கூட நல்லாச் சமாளிச்சவை. அந்தாள் ஆரெண்டு நீங்க எழுதேல்ல. அவர் உங்கட சம்பளத்தை வெட்டுறவரோ இல்லாட்டி வீட்டில இருக்கிறவரோ எண்டதைப் பொறுத்து நான் சொல்லுறதும் மாறும், இன்னொருக்கா எழுதுங்க.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். எங்கட வாப்பா கடற்தொழில் செய்தவர். 2004 சுனாமியில எங்கட தங்கச்சி மௌத்தாப் போயிட்டா, அப்ப அவவுக்கு ஆறு வயசு. வாப்பா இண்டைக்கு வரைக்கும் அதைப் பற்றி ஒரு சொல்லுக் கதைச்சதில்ல, நாங்க கதைச்சாலும் எழும்பிப் போயிடுவார். டிசம்பர் 26 வந்தா விடிய எழும்பித் தனியக் கடல் பக்கம் போய் இருந்திட்டு வருவார். மத்த நாளில எல்லாம் நல்ல மாதிரி, பேரப்பிள்ளைகளோட சிரிச்சு விளையாடுவார். மனசுக்குள்ள வச்சுக்கொண்டு இருக்கிறது கூடாது எண்டு செல்லுறாங்க. அவரை எப்பிடியாவது கதைக்க வைக்கோணுமா?
கிண்ணியாவிலிருந்து ஒரு மகன்

பதில்: வஅலைக்கும் ஸலாம் தம்பி. வேண்டாம். கதைக்க வைக்காதீங்க.

நான் இவ்வளவு நேரமும் அடக்கக்கூடாது எண்டு எழுதிப்போட்டு இப்ப இப்பிடிச் சொல்லுறன் எண்டு வாசிக்கிற ஆக்கள் யோசிப்பீங்க. அந்த ஞாயிற்றுக்கிழமை, போயா நாள், காலமை கடல் வந்து போன பிறகு எங்கட கரையோரம் எல்லாம் முகாம், முகாமெல்லாம் சனம், அந்தச் சனத்திட்ட வந்து என்ன நடந்தது சொல்லுங்க, எப்பிடி இருந்தது சொல்லுங்க எண்டு கேட்ட ஆக்களும் கனபேர். நல்ல மனசோடதான் வந்தவை. ஆனா ஒரு பெரிய அழிவுக்குப் பிறகு ஆக்களை ஒருக்கா இருத்தி வச்சு எல்லாத்தையும் சொல்ல வைக்கிறதால பிறகு வாற மனவடுவைத் தடுக்க ஏலாது எண்டு அதுக்கு முதலே, 2002ல வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளை ஒண்டாச் சேர்த்துப் பார்க்கிற கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பில தெரிஞ்சிருந்தது, கட்டாயப்படுத்திச் செய்யிறதை நிப்பாட்டோணும் எண்டே அதில எழுதியிருந்தவை. உலக சுகாதார நிறுவனமும் இப்ப அதைச் செய்யச் சொல்லுறேல்ல, பக்கத்தில இருந்து, தேவையானதைப் பார்த்து, கதைச்சாக் கேக்கிற உளவியல் முதலுதவியைத்தான் சொல்லுது.

வாப்பா அடக்கிறார் எண்டு நீங்க நினைக்கிறீங்க. எனக்கு உங்கட கடிதத்தில வேற ஒண்டு தெரியுது. அவர் வருசத்தில ஒரு நாளைத் தன்ர மகளுக்கு எண்டு வச்சிருக்கிறார், அண்டைக்குத் தனியப் போய் அவவோட இருக்கிறார், மற்ற நாளில பேரப்பிள்ளைகளோட மனசு விட்டுச் சிரிக்கிறார். மூடியே வச்சிருந்தா அந்தச் சிரிப்பும் வராது, உவர்மலைத் தங்கச்சிக்கு எழுதினதை வாசிச்சுப் பாருங்க. ஜோர்ஜ் பொனானோ எண்டவர் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நியூயோர்க் மாணவர்களைப் பார்த்ததில, எப்பவும் வெளிக்காட்டுற ஆக்களோ எப்பவும் மறைக்கிற ஆக்களோ இல்ல, தேவைக்குக் காட்டவும் தேவைக்கு மறைக்கவும் ரெண்டும் தெரிஞ்ச ஆக்கள்தான் ரெண்டு வருசத்துக்குப் பிறகு கூட நல்லா இருந்தவை. உங்கட வாப்பாவுக்கு அது தானா வந்திருக்கு போல. தொழுகையிலயும் துஆவிலயும் அவர் என்ன கேக்கிறார் எண்டும் உங்களுக்குத் தெரியாதுதானே.

எப்ப யோசிக்கோணும் எண்டா, நித்திரையில குழறி எழும்புறார், கடல் சத்தத்தைக் கேக்கவே ஏலாது, சாப்பாடு இறங்குதில்ல, ஆக்களை விட்டு ஒதுங்குறார், இருந்து என்ன பலன் எண்ட மாதிரி ஏதும் வாயில வருது, இப்பிடி ஏதாவது இருந்தா சுணங்காம ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்க, இல்லாட்டி தேசிய மனநல நிறுவகத்தின்ர 1926 இலக்கத்துக்கு எடுங்க, ராப்பகல் எந்த நேரமும் எடுக்கலாம்.

இல்லாட்டி ஒண்டே ஒண்டு செய்யலாம். வாற டிசம்பரில, வாப்பா நானும் வரட்டா எண்டு ஒருக்காக் கேளுங்க. வேண்டாம் எண்டா விட்டிடுங்க. ஓம் எண்டா பக்கத்தில போய் இருங்க, ஒண்டும் கேக்காதீங்க. நீங்களும் தங்கச்சியைப் பறிகுடுத்த ஆள்தான், உங்கட கடிதத்தில உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்ல. உங்களுக்குக் கதைக்கோணும் போல இருந்தா உம்மாவோட, இல்லாட்டி என்னோட கதைங்க.

கேள்வி: மிஸ், நான் ஏஎல் இரண்டாம் தரம் எடுக்கிறேன். பயத்தை நினைக்காத, பொசிட்டிவா யோசி எண்டு வீட்டில, டியூசனில எல்லாரும் சொல்லுறாங்க. நினைக்கக்கூடாது எண்டு நினைக்க நினைக்க அதுதான் வருது. எக்ஸாம் ஹோலுக்குள்ள கை நடுங்கும். என்ன செய்ய?
பாலையூற்றிலிருந்து ஒரு மாணவி

பதில்: அது வரத்தான் செய்யும் மகள். 1987ல டானியல் வெக்னர் எண்டவர் மாணவர்களைக் கூப்பிட்டு, அஞ்சு நிமிசத்துக்கு வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீங்க, நினைச்சா மணியை அடிங்க எண்டார், மணி அடிச்சுக்கொண்டே இருந்தது. பிறகு நினைக்கலாம் எண்டு விட்டா, அடக்கின ஆக்களுக்கு முதலில இருந்தே நினைச்ச ஆக்களை விடக் கூடக் கரடி வந்தது. நீங்க எழுதினது அதேதான், கரடிக்குப் பதில் ரிசல்ட்.

அதால பயத்தை விரட்டாதீங்க, எழுதி வைங்க. 2011ல ஜெராடோ ரமிரேஸும் சியன் பெய்லொக்கும் பரீட்சைக்கு முதல் பத்து நிமிசம் பிள்ளைகளைத் தங்கட பயத்தை அப்பிடியே எழுத வச்சவை, பரீட்சைப் பயம் கூட உள்ள பிள்ளைகளுக்குப் புள்ளி கூடினது. ஃபெயிலாகினா அம்மா என்ன சொல்லுவா, டியூசன் காசு வீண், சிநேகிதிகள் கம்பசுக்குப் போயிட்டாளுகள், எல்லாத்தையும் எழுதிக் கிழிச்சுப் போட்டிட்டு உள்ளுக்கப் போங்க. கை நடுங்கினா அமைதி அமைதி எண்டு உங்களோட சண்டை பிடிக்காதீங்க, உடம்பு ரெடியாகுது எண்டு சொல்லுங்க. 2014ல அலிசன் வூட் புரூக்ஸ் பார்த்ததில, நான் அமைதியா இருக்கிறன் எண்டு சொன்ன ஆக்களை விட நான் உற்சாகமா இருக்கிறன் எண்டு சொன்ன ஆக்கள் நல்லாச் செய்தவை, ஏனெண்டா பயத்திலயும் உற்சாகத்திலயும் இதயம் ஒரே மாதிரித்தான் அடிக்குது, பேரை மாத்திறது லேசு, அடிக்கிறதை நிப்பாட்டுறது கஷ்டம். பாஸ்ட் பேப்பர் செய்யேக்கயே இதெல்லாம் பழகிடுங்க, அண்டைக்குப் புதுசாச் செய்யக்கூடாது. நித்திரை முழிச்சுப் படிக்கிறதையும் விடுங்க.

கேள்வி: எனது மகனுக்கு 4 வயது. கடையில் கேட்டதை வாங்கிக் கொடுக்காவிட்டால் நிலத்தில் விழுந்து அழுகிறான். ஆம்பிளைப் பிள்ளை அழக்கூடாது என்று மாமி ஏசுகிறார். வாங்கிக் கொடுப்பதா, அடிப்பதா?
அன்புவளிபுரத்திலிருந்து ஒரு தாய்

பதில்: ரெண்டும் வேண்டாம் பிள்ளை. அழுறதுக்காக வாங்கிக் குடுத்தா அழுதா வரும் எண்டு படிப்பான், அடிச்சா அழுகையை ஒளிக்கப் படிப்பான், கோவத்தை என்ன செய்யிறது எண்டு படிக்கமாட்டான். நாலு வயசில கோவத்தைப் பிடிச்சு நிப்பாட்டுற முன்பக்க மூளை இன்னும் முழுசா வளரேல்ல, அது இருபது வயசு தாண்டியும் வளருறது. அதுவரைக்கும் அவனுக்கு நீங்கதான் அந்த மூளை. சனம் பார்க்குதே எண்டு பதறாம ஒரு பக்கமாத் தூக்கிக்கொண்டு போய் அவன்ர உயரத்துக்குக் குந்தி இருந்து, உனக்கு அந்தக் கார் வேணும், அம்மா வாங்கித்தரேல்ல, உனக்குக் கோவம் எண்டு மெதுவாச் சொல்லுங்க, அவன்ர உணர்வுக்குப் பேரை நீங்க குடுக்கிறீங்க. கார் வாங்கிறேல்ல எண்டதில மாறாதீங்க. மாமிக்கு, நாலு வயசில ஆம்பிளை பொம்பிளை இல்ல மாமி, பிள்ளை எண்டு நான் சொன்னதாச் சொல்லுங்க. அழுது முடிய மூக்கைத் துடைச்சு விட்டிட்டு, கோட்டைப் பக்கம் மான் பார்க்கப் போவமா எண்டு கேளுங்க.